காளை தேடிப் பறந்த ட்ரோன்

ஷெரின் டீச்சர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது ஆசிரியர் கூட்டத்தில்தான். பள்ளியின் நூற்றாண்டு விழாவுக்கு ஒரு படம் எடுக்க வேண்டும் என்று தலைமையாசிரியை பாக்கியம் சொன்னதும், "மதுரையையே மேலருந்து காட்டிருவோம் டீச்சர். நாலு கோபுரத்தையும் சுத்திட்டு அப்பிடியே நம்ம ஸ்கூல் மாடியில வந்து எறக்கிருவோம்" என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். பொங்கல் லீவு முடிவதற்குள் எடுத்து முடிக்கும் பொறுப்பும் அந்தக் கைதட்டலோடு அவள் தலையில் வந்து உட்கார்ந்தது.

முதலில் அவள் போய் விசாரித்த ஸ்டுடியோக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "விடியக் காலம் போயி, ஒரு சுத்து சுத்திட்டு ஓடி வந்துருவோம் மேடம். ஒரு பய பார்க்கமாட்டான்" என்றார். பள்ளிக்கூடத்து நூற்றாண்டுப் படத்தை எடுத்துவிட்டு ஓடிவரும் காட்சியை நினைத்துப் பார்த்த ஷெரின், யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

அடுத்துப் போனது காளவாசலில் ஒரு டயர் கடை மாடிக்கு. அங்கே சூர்யபிரகாஷ் என்பவன் ஆபீஸ் வைத்திருந்தான். முறையாகப் படித்து ட்ரோன் ஓட்ட உரிமம் வாங்கியவன். அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் மதுரை வரைபடத்தைத் திறந்து காட்டினான். ஊரின் நடுவே சிவப்பு மை கொட்டினதுபோல் இருந்தது.

"சிவப்பா இருக்கிற எடமெல்லாம் தடை. கோயிலைச் சுத்திப் பறக்கவிட முடியாது டீச்சர். தெக்கால ஏர்போர்ட் வேற."

"கல்யாண வீடியோவுல எல்லாம் கோபுரம் வருதே தம்பி?"

"எடுத்திருப்பாங்க. நான் எடுக்கமாட்டேன். உரிமம் போச்சுன்னா எம் பொழப்பு போச்சு."

அவளுக்குச் சுருக்கென்றது. எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். அவனோ வரைபடத்தை வடமேற்கே நகர்த்தி, சமயநல்லூருக்கு அந்தப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் விரலை வைத்தான். "இங்கன இருந்து மேல ஏத்துனா மொத்த ஊரும் தெரியும். கோபுரம் தூரத்துலதான் நிக்கும். ஆனா நல்லாருக்கும்."

கூட்டத்தில் தான் சொன்னது ஒன்று, கிடைக்கப்போவது வேறொன்று. இருந்தாலும் ஒப்புக்கொண்டாள். அனுமதிக்கு எழுதிப்போட்டார்கள். காணும் பொங்கல் முடிந்து ஒரே ஒரு நாளுக்கு அனுமதி கிடைத்தது.

அன்று விடியும்போது கண்மாய்க் கரையில் நின்றால் பக்கத்திலிருக்கும் பனைமரம்கூடத் தெரியவில்லை. அம்புட்டுப் பனி. சூரியன் எழும்பும் நேரத்தில்தான் எடுக்க வேண்டும் என்று ஷெரின் பிடிவாதமாக இருந்ததால், சூர்யபிரகாஷ் கொண்டுவந்த மூன்று பேட்டரியில் ஒன்றைப் போட்டு ஏற்றிப் பார்த்தான். திரையில் பஞ்சு மட்டும்தான் தெரிந்தது. இறக்கிவிட்டு இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

அப்போதுதான் கரைமேல் ஒரு மொபெட் வந்து நின்றது. இறங்கிய பெண்ணுக்கு ஷெரினின் வயதுதான் இருக்கும். தோளில் புதுக்கயிறு கிடந்தது. ட்ரோனைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

"தம்பி, இதுல மாடு தெரியுமா?"

"என்ன மாடுக்கா?"

அவள் பெயர் தமிழ்ச்செல்வி. கன்றிலிருந்து வளர்த்த செவலைக் காளை ராசுவை ஜல்லிக்கட்டில் அவிழ்த்துவிட்டதோடு சரி. ஒருத்தன் கையும் படாமல் வாடிவாசலைத் தாண்டி ஓடிய காளை, பிடித்துக் கட்டும் இடத்தில் நிற்காமல் காட்டுவழி போய்விட்டது. ரெண்டு நாளாகத் தேடல். "கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு செவலை நிக்குதுன்னு எவனோ சொன்னான்னு எங்க வீட்டுக்காரரு அங்க போயிருக்காரு. எனக்கென்னமோ ராசு அம்புட்டுத் தூரம் போகமாட்டான்னு தோணுது. அவனுக்கு வயிறு பெருசு."

ஷெரின் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போதே காற்று திரும்பியது. பனி மெல்லக் கிழிந்து, தென்கிழக்கே கோபுர நுனிகள் தெரிய ஆரம்பித்தன. இதற்குத்தான் இவ்வளவு நேரம் நின்றிருந்தார்கள்.

சூர்யபிரகாஷ் புதுப் பேட்டரியை மாட்டிக்கொண்டே அவளைப் பார்த்தான். "நீங்க சொல்லுங்க டீச்சர். எது?"

ஷெரின் தமிழ்ச்செல்வியின் காலைப் பார்த்தாள். கருவேல முள் கிழித்த கோடுகள். அறுந்த செருப்பு வாரில் சேலைத்துணி கட்டியிருந்தது. கேட்டுவிட்டோமே என்று அவள் கூச்சத்தோடு கயிற்றைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"காளையைத் தேடுங்க தம்பி" என்றாள் ஷெரின்.

ட்ரோன் வடக்கே போனது. மூன்று தலைகளும் ஒரு சின்னத் திரைமேல் கவிழ்ந்தன. வாழைத்தோப்பு, வாய்க்கால், அறுத்த வயல். செவலையாகத் தெரிந்த ஒன்று, கிட்டே போனால் வைக்கோல்போர். இன்னொன்று யாருடைய வீட்டுப் பசுவோ. "இது பொட்ட மாடு" என்று தமிழ்ச்செல்வி சலித்துக்கொண்டாள். பேட்டரி தீர்ந்து ட்ரோன் இறங்கியது. மிச்சமிருந்தது ஒன்றுதான். சூர்யபிரகாஷ் இந்த முறை கேட்கவே இல்லை, மாட்டி ஏற்றிவிட்டான்.

கண்மாயின் கடைசி மூலையில், கருவேலங்காட்டுக்கு நடுவே தேங்கிய தண்ணீரில், ஒரு திமிலும் இரண்டு கொம்பும் தெரிந்தன. முதுகில் ஒரு கொக்கு உட்கார்ந்திருந்தது.

"ராசு" என்றாள் தமிழ்ச்செல்வி.

நிச்சயப்படுத்திக்கொள்ள ட்ரோனைக் கொஞ்சம் இறக்கியதுதான் தப்பாகப் போயிற்று. அந்த இரைச்சலில் காளை தலையை உதறிக்கொண்டு முள்ளுக்குள் பாய்ந்தது. சூர்யபிரகாஷ் சட்டென்று மேலே ஏற்றினான். தமிழ்ச்செல்வி அதற்குள் ஷெரினின் நம்பரைக் கேட்டுப் போட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கி நடந்துகொண்டிருந்தாள்.

பிறகு நடந்தது முழுக்க ஷெரினின் வேலை. வகுப்பில் வரைபடத்தைக் காட்டிப் பழகிய நாக்கு. "நேரா போங்க. சோத்துக் கைப் பக்கம் ஒரு ஒத்தையடிப் பாதை வரும். அதுதான். இப்ப பீச்சாங்கைப் பக்கம். மெதுவா. உங்களுக்கு முன்னால ஒரு புதர், அதுக்குப் பின்னாடி நிக்கிறான்."

திரையில் தமிழ்ச்செல்வி கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தாள். காளை அவளைப் பார்த்துத் திரும்பியது. தலையைத் தாழ்த்தி மண்ணைக் காலால் கிளறியது.

"தமிழ்ச்செல்வி, நில்லுங்க" என்றாள் ஷெரின். அவள் நிற்கவில்லை. போனில் அவள் குரல் மட்டும் கேட்டது. "ஏ ராசு. என்னடா, என்னையத் தெரியலையாடா?"

காளை ஒரு அடி எடுத்து வைத்தது. இன்னொரு அடி. பிறகு பிள்ளை மாதிரி வந்து அவள் இடுப்பில் முகத்தை வைத்து நெட்டியது. அடுத்த நொடியே போனில் திட்டு ஆரம்பமானது. ஊர் மேயிற நாயே, வீட்டுல பருத்திக்கொட்டை கசந்துச்சாடா, உனக்குப் போயி மாலை போட்டேன் பாரு என்று நிற்காமல் வந்த திட்டைக் கேட்டு ஷெரின் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தாள். பேட்டரி தீரப்போகிறது என்று ரிமோட் கத்த, சூர்யபிரகாஷ் ட்ரோனைப் பத்திரமாகக் கரையில் இறக்கினான்.

அதற்குள் சூரியன் நன்றாக ஏறிவிட்டது. ஊர்ப்பக்கம் பார்த்தால் கண் கூசியது. கோபுரம் இருந்த இடத்தில் வெளிறிய புழுதிதான் தெரிந்தது. பாக்கியம் டீச்சரிடம் என்ன சொல்வது என்று ஷெரின் யோசித்துக்கொண்டிருக்கும்போது, காளையைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தமிழ்ச்செல்வி கரையேறி வந்தாள்.

"எங்க வீட்டுல கரெண்டு இருக்கு. அந்தப் பேட்டரியெல்லாம் சார்ஜ் போட்டுக்கங்க. சாப்பிடாம கிளம்புனீங்கன்னா இவன் முட்டுவான்."

மிக்சி இருந்த மேடையில் பேட்டரிகள் வரிசையாகச் சார்ஜ் ஏறின. நாட்டுக்கோழிக் குழம்பு கொதித்தது. கொட்டாம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்த தமிழ்ச்செல்வியின் கணவர் விருமாண்டி நேராகக் காளையிடம் போய்க் கொம்பைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு சூர்யபிரகாஷைப் பார்த்து, "மாப்ள, இன்னுங் கொஞ்சம் சோறு போட்டுக்க" என்றார்.

சாயங்காலம் எல்லோருமாகக் கரைக்குப் போனார்கள். சூரியன் இப்போது முதுகுப் பக்கம். மத்தியானம் அடித்த காற்று புழுதியைத் துடைத்துவிட்டிருந்தது. ட்ரோன் மேலே ஏறித் திரும்பியதும் சூர்யபிரகாஷ் "டீச்சர்" என்று மட்டும் சொன்னான். நான்கு கோபுரமும் வெயிலில் பொன்னாக நின்றன. அவற்றைச் சுற்றி வீடுகள், வீடுகளுக்கு இந்தப்பக்கம் வைகை ஒரு கோடாக, அதற்கும் இந்தப்பக்கம் கண்ணுக்கு எட்டும்வரை வயல். காலையில் எடுத்திருந்தால் இந்த வெளிச்சம் கிடைத்திருக்காது. அது மூன்று பேரில் யாருக்கும் முன்கூட்டித் தோன்றவும் இல்லை.

தமிழ்ச்செல்வி திரையை எட்டிப் பார்த்தாள். "இம்புட்டுப் பக்கத்துலயா இருக்கு மதுரை? பஸ்ஸுல போனா விடிஞ்சு போகுது."

நூற்றாண்டு விழாவில் படம் ஓடியபோது, முன்வரிசையில் தமிழ்ச்செல்வியும் விருமாண்டியும் உட்கார்ந்திருந்தார்கள். கோபுரங்கள் வந்தபோது அரங்கமே கைதட்டியது. காளையைத் தேடிய காட்சியையும் ஷெரின் விடாமல் சேர்த்திருந்தாள். கொக்கைச் சுமந்த முதுகு திரையில் பெரிதாகத் தெரிந்ததும், தமிழ்ச்செல்வி தன்னை மறந்து "ராசு" என்று கூப்பிட்டுவிட்டாள். பிறகு பின்னாலிருந்து ஆறாம் வகுப்பு கூப்பிட்டது, ஏழாம் வகுப்பு கூப்பிட்டது, அரங்கம் முழுக்க ராசு ராசு என்று கிளம்பிவிட்டது.

தாளாளர் ஃபாதர் ஆரோக்கியநாதன் பாக்கியம் டீச்சர் பக்கம் குனிந்தார். "யாரு இந்த ராசு? நம்ம பழைய மாணவரா?"

பாக்கியம் டீச்சர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இல்ல ஃபாதர், சமயநல்லூர்க்காரரு" என்றார்.