கூடைக்கு அடி போட்ட கதை

மூன்றாம் முறையும் "அடுத்த வாரம்" என்றான் கோல்மன். எங்கள் தீவில் முதுகுக்கூடை முடைகிறவன் அவன் ஒருவன்தான். அடுப்புக்கென்று சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகள் அங்கேயே கிடந்தன. மழை பிடிப்பதற்குள் சுமந்து வராவிட்டால் குளிர்காலத்தில் என் பிள்ளைகளுக்கு நெருப்பில்லை. புருஷனோ ஸ்காட்லாந்தில் உருளைக்கிழங்கு தோண்டப் போயிருந்தான். என் கூடையின் அடி பாதி கிழிந்து, வழியெல்லாம் கட்டிகளை உதிர்த்தது.

"அப்ப நானே முடைஞ்சுக்கறேன்," என்றேன்.

"நீயா, நாப்லா?" என்று என் பேரை இழுத்துச் சிரித்தான். "முடை, முடை. கோழி அடைக்க ஆகும்!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புருஷன் வெட்டி வைத்திருந்த வில்லோ மரக் குச்சிகளை ஓடையில் ஒரு வாரம் ஊறப்போட்டேன். நாங்கள் கூடையைத் தலைகீழாகத்தான் முடைவோம். குச்சிகளை மண்ணில் நட்ட இடம் வாய். சுற்றிலும் பின்னிக்கொண்டே போய், கடைசியில் மேலே வளைத்து மூடினால் அடி. சுவர் ஒழுங்காக எழும்பியது. அடிக்கு வளைத்ததும் குச்சி படக்கென்று முறிந்தது. அடுத்ததும் முறிந்தது. அந்தக் கூடை பாழ், மறு கூடையும் பாழ். வேலிக்கு அப்பால் கோல்மனின் மனைவி சோர்க்கா நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

அன்று மாலையே கோல்மன் முடைந்த என் பழைய கூடையை மடியில் கவிழ்த்துக் கத்தியை எடுத்தேன்.

"அம்மா! இருக்கறதே அது ஒண்ணுதான!" என்று அலறினாள் பெரியவள்.

"தெரியும். தள்ளிக்கோ."

கடைசியாக முடிந்தது அடிதானே, அங்கிருந்தே பிரித்தேன். வளைவுக்கு வந்ததும் கை நின்றது. அந்த இடத்தில் மட்டும் ஒவ்வொரு குச்சியும் கயிறு போல முறுக்கியிருந்தது. முறுக்கி நாரை இளக்கிவிட்டுத்தான் வளைத்திருக்கிறான், திருட்டுப்பயல்! இத்தனை வருஷம் முதுகில் சுமந்தும் என் கண்ணில் படவில்லை.

மூன்றாவது கூடை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. இருக்கட்டும். விளிம்புவரை கட்டிகளை அடுக்கி, வேண்டுமென்றே கோல்மன் வீட்டு வழியாக நடந்தேன். ஒன்றுகூட விழவில்லை.

"கோணக்கூடை!" என்று கத்தினான்.

"உள்ள கோழி இல்ல, பாத்துக்கோ!"

மழைக்கு முன்பே கடைசிக் கட்டியும் வீடு வந்து சேர்ந்தது. மறுநாள் ஓட்டைக் கூடையோடு சோர்க்கா வந்து நின்றாள்.

"ஊருக்கெல்லாம் முடையறான். என்னோடது ஈஸ்டர்லேருந்து இப்படியே கெடக்கு. கேட்டா அடுத்த வாரங்கறான். நீ ஒண்ணு முடைஞ்சு குடுடி."

நான் கத்தியை அவளிடம் நீட்டினேன்.

"உக்காரு. முதல்ல அதப் பிரி."