ஜப்பான் வீட்டுக்குத் திருஷ்டி பொம்மை

தேவிப்பிரியாவின் கணவன் ஜப்பானில் ஒரு வீடு வாங்கியிருந்தான். அதனால்தான் அவள் இன்னமும் மொரப்பூர் பக்கத்தில் மாமனார் வீட்டிலேயே இருந்தாள்.

இதைக் கேட்டவர்கள் எல்லோரும் ஒரு தரம் விழித்தார்கள். வீடு வாங்கினால் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போவதுதானே உலக வழக்கம்? இளம்பரிதிக்கு உலக வழக்கம் பிடிக்காது. கல்யாணமான புதிதில் அவனுக்கு ஒசாகாவில் இரண்டு அறை, சமையலறை, சுடுதண்ணீர் வரும் குளியலறை எல்லாம் வைத்து ஒரு வாடகை வீடு இருந்தது. இவளுக்கு விசா வருவதற்குள் அவன் யூடியூபில் ஒரு வெள்ளைக்காரனைப் பார்த்துத் தொலைத்தான். அந்த வெள்ளைக்காரன் ஜப்பான் மலைக்கிராமம் ஒன்றில் பாழடைந்த பண்ணை வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கி, பல வீடியோக்களில் அதைச் சுரண்டி, இழைத்து, பூசி, கடைசி வீடியோவில் கூடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தான். இளம்பரிதி அந்தக் கடைசி வீடியோவை மட்டும்தான் பார்த்திருக்க வேண்டும் என்பது தேவிப்பிரியாவின் கணிப்பு.

இளம்பரிதி வாங்கிய வீட்டுக்கு நூறு வயதுக்கு மேல். கியோட்டோவுக்கு வடக்கே மலைக்குள், மொத்தமே ஒன்பது வீடுள்ள ஊர். நாணல் வேய்ந்த கூரை, மண் சுவர். கூரையில் வானம் தெரிந்தது, தரைப்பலகையில் கரையான் தெரிந்தது, பரணில் ஒரு மரநாய் குடும்பம் குட்டியும் குளுவானுமாக இருந்தது. கம்பெனி வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று சொன்னதும், இளம்பரிதி ஒசாகா வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, இந்த வீட்டின் கூடத்தில் ஒரு கூடாரம் அடித்து அதற்குள் படுத்துக்கொண்டான்.

"இது வூடு இல்ல பிரியா. இது ஒரு மனநிலை" என்றான் வீடியோவில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு.

"மனநிலைக்கு பாத்ரூம் இருக்குதுங்களா?"

"அது முடியட்டும், ஒடனே கூப்புட்டுக்கறேன்."

பாத்ரூம் முடிவதற்குள் முதல் விசா காலாவதியாகிவிட்டது. பாத்ரூம் அப்போதும் முடியவில்லை. மறுபடி விண்ணப்பித்து இரண்டாவது விசா இப்போது வந்திருந்தது. ஏப்ரல் கடைசிக்குள் அவள் ஜப்பான் மண்ணில் கால் வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் போச்சு. இந்தத் தடவை இளம்பரிதி பாத்ரூமைப் பற்றிப் பேசவில்லை. "கூரை முடியட்டும்" என்றான்.

காத்திருந்த காலத்தில் அவள் சும்மா இருக்கவில்லை. ஓசூரிலிருந்து ஆன்லைனில் பாடம் எடுக்கும் ஜாஸ்மின் மேடத்திடம் ஜப்பான் மொழி படித்து, பரீட்சையும் தேறிவிட்டாள். ஆபீஸ் முழுக்க இங்கிலீஷிலேயே ஓடியதால், அங்கேயே ஆறு வருஷம் குப்பை கொட்டிய இளம்பரிதிக்கு வணக்கம், நன்றி, மன்னிக்கவும் தவிர வேறு தெரியாது. கூடவே, 'எளிமையின் அழகு' என்பதற்கு அவர்கள் சொல்லும் நாலைந்து வார்த்தைகளும் தெரியும்.

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளக்கூடிய இம்சை. மாமனார் பச்சியப்பன் இதற்கு மேலே.

அவர் ஒரு காலத்தில் ஒன்றியக் கவுன்சிலர். அந்தக் காலம் முடிந்து பல வருஷமாகியும் அவர் சட்டையின் கஞ்சி மட்டும் முடியவில்லை. மகன் வீடு வாங்கிய சேதி வந்த அன்றே பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ் வைத்தார். 'ஜப்பானில் மாளிகை வாங்கிய மண்ணின் மைந்தனே!' படம் வேண்டும் என்று கடைக்காரன் கேட்டதற்கு, "ஜப்பான் வூடா நல்லதா ஒண்ணு நீயே எடுத்துப் போட்டுக்க" என்றார். அவன் ஐந்தடுக்குக் கோட்டை ஒன்றை எடுத்து, சுற்றிலும் ரோஸ் நிறப் பூக்களைப் பொழியவிட்டான். அதற்குப் பிறகுதான் அவர் வீட்டை வீடியோவில் பார்த்தார்.

"கூரை வூடா?" என்றார். "எங்கப்பன் கூரையப் பிரிச்சு ஓடு போட்டாரு. நான் ஓட்டப் பிரிச்சு தார்சு போட்டேன். இவன் ஏரோப்ளான் ஏறிப் போயி மறுபடி கூரைய வாங்கியிருக்கறான்."

"கூரைதான் அதுக்கு மதிப்பே, அப்பா" என்றான் மகன்.

"மதிப்பா? சரி. வெளிய ஆருகிட்டயும் சொல்லாத."

மாளிகை என்று ஊருக்குச் சொல்லியாகிவிட்டது. மாளிகைக்கு உண்டானதைச் செய்ய வேண்டும். பொங்கல் கழிந்ததும் அவருக்கு அது உறைத்தது. "ஏண்டா பரிதி, வேல நடக்கற வூட்டுல திஷ்டி பொம்மை கட்டலியா?"

நம் பக்கம் கட்டட வேலை நடக்கும் எந்த வீட்டையும் பாருங்கள். வைக்கோலைத் திணித்து, பழைய பேண்ட் சட்டை மாட்டி, சட்டித் தலையில் மீசை வரைந்து ஓர் ஆள் தொங்குவான். வீட்டின் மேல் விழ வேண்டிய பொறாமைக் கண்ணையெல்லாம் அவன் வாங்கிக்கொள்வான். அங்கே அதெல்லாம் வழக்கமில்லை என்று இளம்பரிதி முனகிப் பார்த்தான். "வழக்கமில்லாத ஊர்லதான்டா கண்ணு அதிகம்" என்று பச்சியப்பன் முடித்துவிட்டார். "ரோட்டுல போறவன் கண்ணுல மொதல்ல அதுதான் படணும். ஆமா."

இரண்டு நாளில் போட்டோ வந்தது. மாமனார் மெச்சினார். தேவிப்பிரியா பார்த்துவிட்டு, 'சரி, ஒரு தொல்லை முடிந்தது' என்று நினைத்தாள்.

அதற்கப்புறம்தான் ஜப்பானில் எல்லாம் நின்றது. வாசலில் யாராவது வைத்துவிட்டுப் போகும் முள்ளங்கி நின்றது. தெருவில் பார்த்தால் சொல்லும் வணக்கம் நின்றது. ஏப்ரலில் கூரை வேய ஒத்துக்கொண்டிருந்த மேஸ்திரிக்குத் திடீரென்று தேதி ஒத்துவரவில்லை. அந்த ஊரில் கூரை என்பது ஓர் ஆள் வேலையில்லை. மேஸ்திரி முன்னால் நிற்க, ஊரே திரண்டு வந்து கட்டு கட்டாய் நாணலை ஏற்றிக் கொடுத்தால்தான் ஆகும். அந்த ஊர்தான் ஜன்னலைச் சாத்திக்கொண்டது.

"தனிமைய மதிக்கற பண்பாடு அது" என்றான் இளம்பரிதி. "என்னோட ஸ்பேஸ எனக்குக் குடுக்கறாங்க."

"முள்ளங்கியக் கூடவா குடுக்காம நிறுத்துவாங்க?"

அவளுக்கு எங்கோ இடித்தது. பொம்மையின் போட்டோவை எடுத்து ஜாஸ்மின் மேடத்துக்கு அனுப்பினாள். அவர் அங்கே ஐந்து வருஷம் குடியிருந்தவர். பாடம் எடுக்கும்போது தணிந்த குரலில் பேசும் ஜாஸ்மின், கிளாஸ் நேரமில்லாத நேரத்தில் போன் போட்டுக் கத்தினார்.

"அடியே பிரியா! அது என்ன, நெஞ்சுல ஆணி அடிச்சிருக்குது?"

"கயிறு கெடைக்கலையாம் மேடம். பெரிய ஆணியா அடிச்சுட்டாராம்."

"அந்த மரம் ஆரோட மரம்?"

"ரோட்டோரமா அது ஒண்ணுதான் பெரிய மரமாம். பின்னால சின்னதா கோயில் இருக்குதாம்."

"கிழிஞ்சுது போ. வைக்கோல்ல மனுசப் பொம்மை செஞ்சு கோயில் மரத்துல ஆணி அடிச்சா, அங்க அதுக்கு ஒரே அர்த்தம்தான். ஆரோ நாசமாப் போகணும்னு சாபம் வெக்கறது. உன் வூட்டுக்காரரு ஆருக்கு வெச்சாரு?"

யாருக்கு என்பது சட்டையில் இருந்தது. பழைய துணி வேண்டுமே என்று தேடிய இளம்பரிதி, வீட்டின் அலமாரியில் தொங்கிய நீலக் கோட்டையும் தொப்பியையும் எடுத்து மாட்டியிருந்தான். இரண்டும் செத்துப்போன பழைய உரிமையாளருடையவை. அவருடைய அக்கா ஃபுமிகோ அம்மாள்தான் எதிர்வீடு. எண்பது வயது. ஊர்ச் சங்கத்துக்குத் தலைவியும் அவர்தான்.

தேவிப்பிரியா தலையில் கை வைத்துக்கொண்டாள். போனைப் போட்டாள்.

"எறக்குங்க. இப்பவே எறக்குங்க."

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அவங்க தம்பி கோட்டு நெஞ்சுல ஆணி அடிச்சிருக்கறீங்க! அதுக்கு எதுக்குங்க அப்பாகிட்ட கேக்கணும்?"

"அவரு மனசு நோகும் பிரியா. நீ பேசிப் பாரேன்."

ஆறாயிரம் கிலோமீட்டர் தள்ளி, பனிக்கு நடுவே கூடாரத்தில் தனியாகப் படுத்திருக்கும் ஒருவன், மொரப்பூர்க்காரருக்கு இன்னமும் பயப்படுகிறான். அவள் போனை வைத்துவிட்டு மாமனாரிடம் போனாள்.

பச்சியப்பன் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "வேல முடியாம எறக்கக் கூடாது."

"எறக்குனாத்தான் வேலையே நடக்கும் மாமா."

"எறக்குனா என்ன அர்த்தம்? இந்த வூட்டப் பாத்து ஆரும் பொறாமப்படலன்னு அர்த்தம். அப்ப அது என்ன மாளிகை?"

மாமியார் மாதம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே, "ஒம்போது வூட்டுல ஆரு வந்து கண்ணு வெக்கப்போறாங்க? குடியிருக்க ஆளில்லாமத்தான குடுத்துட்டாங்க" என்றாள்.

"நீ சும்மா இரு. ஒனக்கு வெளிநாடு தெரியாது."

அவருக்கும் தெரியாது. ஆனால் அதை யார் சொல்வது? கடைசியில் தேவிப்பிரியா ஒன்று கேட்டாள். அந்தம்மாவிடம் நேரில் பேசிவிட்டு முடிவு செய்யலாமே? வெளிநாட்டுடன் பேச்சுவார்த்தை என்றதும் மாமனாருக்குப் பிடித்துப்போனது. மறுநாள் சலவைச் சட்டையும், அதன் பைக்குள் தெரிகிற மாதிரி ஒரு பேனாவுமாக வந்து சோபாவில் உட்கார்ந்தார். அங்கே இளம்பரிதி எதிர்வீட்டுப் படியில் மண்டி போட்டு, போனை இரண்டு கையாலும் நீட்டிப் பிடித்தான். போனுக்குள் ஃபுமிகோ அம்மாளின் முகம் வந்தது. சிரிப்பில்லாத, சுருங்கிய முகம்.

"என் தம்பி அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் வயலுக்குப் போவான்" என்றார் அவர் ஜப்பான் மொழியில். "அவன் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தான்?"

 தேவிப்பிரியா பரீட்சைக்குப் படித்த மன்னிப்பு வார்த்தைகளையெல்லாம் வரிசையாகச் சொல்லித் தலை வணங்கினாள். பிறகு மெல்ல விளக்கினாள். எங்கள் ஊரில் இது சாபமில்லை. காவல். புது வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்களின் கண் வீட்டின் மேல் படாமல் பொம்மையின் மேல் பட வேண்டும். அதற்காக வைப்பது.

ஃபுமிகோ அம்மாள் கண்ணை இடுக்கிக்கொண்டு யோசித்தார். "பொறாமையா? அந்த வீட்டைப் பார்த்தா?"

"ஆமாம்."

"அந்த வீட்டையா?"

சிரிப்பு அவருடைய தோளில் ஆரம்பித்தது. பிறகு வாய்க்கு வந்தது. பல் கழற்றிவைத்த வாய் முழுக்கத் திறந்து, படியில் கை ஊன்றிக்கொண்டு சிரித்தார். "என் தம்பியே அந்த வீட்டிலிருந்து தப்பிக்கத்தான் செத்தான்!" உள்ளே பார்த்து யாரையோ கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவர்களும் சிரிப்பது கேட்டது. இளம்பரிதி ஒன்றும் விளங்காமல் தானும் அடக்கத்துடன் சிரித்துவைத்தான்.

"என்னாங்கறாங்க?" என்றார் பச்சியப்பன். "ஏன் சிரிக்கறாங்க?"

தேவிப்பிரியா திரும்பி அவரைப் பார்த்தாள். கஞ்சி விறைத்த காலர், பேனா, நிமிர்ந்த முதுகு. உள்ளதைச் சொன்னால் இந்த முதுகு ஒடிந்துவிடும். ஒடிந்த கோபத்தில் பொம்மை அங்கேயே தொங்கும். ஏப்ரல் போய்விடும்.

"வயித்தெரிச்சல் மாமா."

"ஆங்?"

"வூட்டப் பாத்து ஊரே வயிறெரிஞ்சு கெடக்குதாம். அத்தன கண்ணும் அந்தப் பொம்மை மேலதான் விழுந்துச்சாம். இனிமே அது தாங்காதாம்."

மாமனாரின் முகத்தில் சூரியன் உதித்தது. "நான் சொல்லல?"

"வயித்தெரிச்சல்ல ஆரும் பொக்க வாயி தெரியச் சிரிக்க மாட்டாங்களே" என்றாள் மாதம்மாள்.

"ஜப்பான்காரங்க எரிச்சல்பட்டா அப்பிடித்தான்டி."

"நாம கண்ணுபட்ட பூசணிக்காய ஒடைச்சுக் கழிக்கற மாதிரி," தேவிப்பிரியா விடாமல் தொடர்ந்தாள், "அதையும் எறக்கிக் கோயில்ல வெச்சு எரிச்சரணுமாம். வெச்சிருந்தா நம்மளுக்கே திரும்பிருமாம்."

"மொறைதான். கண்ணு வாங்குனத வெச்சிருக்கக் கூடாது. டேய் பரிதி, கழிச்சர்றா!"

"இப்பவேங்களா அப்பா?" என்றான் அந்த ஆறு வருஷ ஜப்பான்காரன்.

ஃபுமிகோ அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோட்டை மட்டும் கழற்றித் தன்னிடம் கொடுத்துவிட வேண்டும், வைக்கோலைப் பூசாரி எரிப்பார், மேஸ்திரியிடம் தானே பேசுவதாகச் சொன்னார். ஆனால் ஒன்று. கூரை வேயும் வாரம் வீட்டுக்கு இரண்டு ஆள் வந்தாக வேண்டும். அது ஊர்ச் சட்டம்.

"நான் ரெண்டாள் வேலை செய்வேன்னு சொல்லு பிரியா" என்றான் இளம்பரிதி.

அவள் சொன்னாள். கிழவி அவனை மேலும் கீழும் பார்த்தார். பொம்மை கட்டுவதற்கு முன்னால் ஒரு தரம், தரைப்பலகை உடைந்து இடுப்புவரை உள்ளே போன அவனை ஊர்க்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து தூக்கியிருந்தார்கள். "இவன் அரை ஆள்" என்றார். பிறகு போனுக்குள் அவளை நேராகப் பார்த்தார். "உனக்குக் கட்டுக் கட்டத் தெரியுமா?"

"சோளத்தட்டு கட்டியிருக்கிறேன். கூரை வேய்ந்ததில்லை."

"போதும். எப்போது வருகிறாய்?"

இரண்டு வருஷத்தில் இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. பாத்ரூமைக் கேட்டார்கள், கூரையைக் கேட்டார்கள், ஜோசியரைக் கேட்டார்கள்.

"ஏப்ரல் தொடக்கத்தில் வருகிறேன்" என்றாள். "ஆனால் எங்கள் வீட்டில் குளிக்க வசதியில்லை."

"எங்கள் வீட்டில் சாயங்காலம் ஐந்து மணிக்கு வெந்நீர் ஆகிவிடும். ஆறிப்போவதற்குள் வா."

அவ்வளவுதான். இரண்டு வருஷமாகக் கட்டி முடியாத பாத்ரூம் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

"என்ன பிரியா பேசிக்கறீங்க? பாத்ரூம் டிசைன் பத்தியா?" என்றான் இளம்பரிதி. "பழைய முறைப்படி தேவதாரு தொட்டி வெச்சு..."

"தொட்டிய நீங்களே கட்டிப்புடிச்சுக்கிட்டு இருங்க. நான் ஏப்ரல்ல வர்றேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

பச்சியப்பன் பேனாவைத் தடவிக்கொண்டே கேட்டார். "கடேசியா என்ன முடிவாச்சு?"

"கூரை வேயக் கூப்புடறாங்க மாமா."

"ஆர?"

"என்னய."

சோபா முனகியது. "எம்.எஸ்சி. படிச்ச எம் மருமவ ஜப்பான் போயி கூரைக்குக் கட்டு தூக்கறதா?"

"விசா இருக்குதில்ல, போயி தூக்கட்டும்" என்றாள் மாதம்மாள், கீரைக் காம்பை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு.

"ஊர்ல என்னான்னு சொல்றது? ஏம்மா, கேட்டா மாளிகைக்குக் குடி போறேன்னு சொல்லு. கட்டுகிட்டுன்னு ஆருகிட்டயும் வாயத் தொறக்காத. என்ன?"

"சரிங்க மாமா" என்றாள்.

மறுநாள் மொரப்பூர் போய், கிருஷ்ணப்பன் ஹார்டுவேர்ஸ் படி ஏறி, முரட்டு வேலைக்குப் போடும் கையுறை வேண்டும் என்று கேட்டாள். கிருஷ்ணப்பன் இரண்டு மூன்று தினுசு எடுத்துப் போட்டார்.

"என்ன வேலைக்குங்க? முள்ளு வெட்டவா?"

இன்னொரு பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. "கூரை வேயங்க."

"கூரையா? இந்தக் காலத்துல ஆருங்க கூரை வூடு வெச்சிருக்கறாங்க? எங்க?"

"ஜப்பான்ல. எங்க வூடுதாங்க. ஓட்டையாக் கெடக்குது. அடுத்த மாசம் போயி வேயணும்."

கிருஷ்ணப்பன் அவளைப் பார்த்தார். பிறகு கல்லாவில் கை வைத்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நல்லாச் சொன்னீங்க போங்க! இந்த அளவுக்கு உங்க மாமனாரு கூட அளந்ததில்லைங்களே."

"அதுல பெரிய சைஸ் ஒரு ஜோடியும் சேத்துக் குடுங்க" என்றாள் தேவிப்பிரியா. "எங்க வூட்டுல ஒரு அரை ஆள் இருக்கறாரு."