வெறும் ஃபிளாஷ்

ஆணி அடித்தாயிற்று, படம் எங்கே என்று லோகநாதன் அண்ணன் மாடியேறி வந்து கேட்டார்.

"கிளி சொல்லிகினே இருந்தாம்மா. அவ பட்டுப்புடவை கட்டிகினு நிக்க, நீ ஒரு போட்டோ எடுத்தியாமே. அதைக் கூடத்துல மாட்டணும்னு அவளே ஸ்டூல் போட்டு ஏறி ஆணி அடிச்சா. கருமாதிக்குப் படத்திறப்பு வைக்கணும். அதைக் குடேன்."

அவர் எங்கள் வீட்டு ஓனர். பெருங்களத்தூரில் அவர்கள் கீழே, நாங்கள் மேலே. கிளியம்மாக்கா அவர் மனைவி. போன வாரம் துணி உலர்த்திவிட்டு வந்து நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரோல் கெட்டுப்போச்சுண்ணா. வெளிச்சம் பட்டுடுச்சு" என்றேன். கொஞ்சமும் கூசாமல் வந்தது வார்த்தை. மனைவியைப் பறிகொடுத்த மனிதர் என்னைச் சமாதானப்படுத்தினார். "சரி விடும்மா. கத்துக்கிற பொண்ணு, நீ இன்னா பண்ணுவே" என்றார். செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

ரோல் கெடவில்லை. அதுதான் விஷயம்.

தாம்பரத்தில் எங்கள் சர்ச் நடத்துகிற சமுதாயக் கல்லூரியில் நான் போட்டோகிராபி படிக்கிறேன். தொண்ணூற்றேழில் அந்த வகுப்பு தொடங்கியபோது, "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு காமிரா?" என்று கேட்காத ஒரே ஆள் கிளியம்மாக்காதான். முதல் பருவ முடிவில் கண்காட்சி வைத்தார்கள். ஆளுக்கு ஒரே ஒரு கறுப்பு வெள்ளை ரோல் கொடுத்து, 'தனிமை' என்று தலைப்பும் கொடுத்தார் சத்தியநாதன் சார். எங்கள் வகுப்பில் தனிமை என்றாலே வாடின முகமும் அலுமினியத் தட்டும்தான். எல்லோரும் ஸ்டேஷன் படிக்கட்டுக்கு ஓடினார்கள். அங்கிருந்த பிச்சைக்காரர்களே சலித்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் பெரிய புத்திசாலி அல்லவா, கீழே இறங்கிப் போய் கிளியம்மாக்காவைக் கேட்டேன். வீட்டுமனையாகிப் போவதற்கு முன் அவர்கள் நிலத்தில் அவரே இறங்கி நாற்று நட்டவர். அந்த வெயிலில் முகம் வயதுக்கு மீறி முற்றியிருந்தது. எனக்கு அது வசதியாகப் போயிற்று.

"என்னைய பிச்சைக்காரியா எடுக்கப் போறியா? நல்லாக் கீதுடி உன் படிப்பு" என்று சிரித்தார். ஆனால் மறுக்கவில்லை. பழைய புடவை கட்டி, தலையைக் கலைத்துக்கொண்டு, கிணற்றடியில் தட்டோடு உட்கார்ந்தார். மூக்குத்தி வெயிலில் மின்னியது. "அதைக் கழட்டிடுங்கக்கா" என்றேன். கழற்றினார்.

"பொட்டையும் அழிச்சிடுங்க."

அப்போது மட்டும் அவர் கை நின்றது. எங்கள் வீட்டில் யாரும் பொட்டு வைப்பதில்லை. எனக்கு அது முகத்தில் ஒரு புள்ளி, படத்துக்கு இடைஞ்சல், அவ்வளவுதான். புருஷன் உயிரோடு இருக்கிற பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? அவர் திரும்பி வீட்டுக்குள் பார்த்தார். அண்ணன் இல்லை என்று நிச்சயமானதும் முந்தானையால் துடைத்துக்கொண்டார். "சீக்கிரம் எடுடி" என்றார்.

"ஏதோ கேக்குற மாதிரி என்னைப் பாருங்க" என்றேன். பார்த்தார். அந்தப் படத்துக்குத்தான் முதல் பரிசு. "எங்கேம்மா பிடிச்ச இந்தக் கண்ணை?" என்று சார் எல்லோர் முன்னாலும் கேட்டார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு எடுத்து முடித்ததும் "இரு, போயிடாத" என்று அக்கா உள்ளே போனார். அரக்குப் பட்டு, மூக்குத்தி, குங்குமம், கனகாம்பரம் என்று கூடத்தில் வந்து நின்றார். "இப்ப ஒண்ணு நல்லா எடு. கல்யாண போட்டோவைக் கரையான் தின்னுட்ச்சி. வோட்டர் கார்டுல கரிக்கட்டை மாதிரி கீறேன். ஒண்ணே ஒண்ணு."

ரோலில் இன்னும் ஒரு படத்துக்கு இடம் இருந்தது. ஆனால் அதை நான் தாம்பரம் ரயிலுக்கென்று வைத்திருந்தேன். என்னோடு படிக்கிற வில்பிரட் கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கிறவன். சொந்தக்காரர்கள் 'எங்களையும் எடு' என்று நச்சரித்தால் வெறும் ஃபிளாஷ் அடித்து அனுப்பிவிடுவார்களாம். ஃபிலிம் செலவாகாது, வெளிச்சம் பட்டவர்கள் திருப்தியாகப் பந்திக்குப் போய்விடுவார்கள். அவன் சொன்னபோது வகுப்பே சிரித்தது. நானும்தான்.

நான் காமிராவை உயர்த்தி, ஃபிளாஷின் பின்னால் இருக்கிற சின்னப் பொத்தானை மட்டும் அழுத்தினேன். பளீரென்றது. "நல்லா வந்துச்சா?" என்றார். "சூப்பரா வந்துருக்குக்கா" என்றேன், பாவி. அதற்கப்புறம் தண்ணீர் பிடிக்கப் போகும்போதெல்லாம் "போட்டோ எப்படி கீது?" என்று கேட்பார். "கழுவக் குடுத்திருக்குக்கா" என்று சொல்லிக்கொண்டே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவேன். அதை நம்பித்தான் ஆணி அடித்திருக்கிறார்.

அண்ணன் மறுநாளும் வந்தார். "வேற எதுனா படம் வச்சிருக்கியாம்மா? எப்படி இருந்தாலும் பரவால்ல. மொகம் தெரிஞ்சா போதும்."

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "முன்னாடி எடுத்தது ஒண்ணு மட்டும் தப்பிச்சிருக்குண்ணா" என்று இன்னொரு பொய்யைச் சொல்லி, பரிசு வாங்கிய படத்தை எடுத்துக் கொடுத்தேன். ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்.

"பொட்டு எங்க?"

"நான்தான் அழிக்கச் சொன்னேன். படத்துக்காக."

"நான் உசுரோடதானேம்மா கீறேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. படத்தை நியூஸ்பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு கீழே போனார்.

மார்க்கெட் தெரு ஸ்டுடியோவில் கொடுத்து டச்சப் செய்து வாங்கி வந்தார். தட்டை வெட்டிவிட்டார்கள். பழைய புடவைமேல் அரக்குப் பட்டு தீட்டி, மூக்குத்தி வைத்து, நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம் இட்டிருந்தார்கள். கலைந்த தலையைக்கூட வாரிவிட்டிருந்தார்கள். கண்ணை மட்டும் தொடவில்லை.

கருமாதியன்று அதை அதே ஆணியில் மாட்டி மாலை போட்டார்கள். பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, அக்காவின் தங்கை தையல்நாயகி படத்துக்கு எதிரே நின்று, "அக்கா ஏதோ கேக்குற மாதிரியே கீது" என்றாள்.

"அவ யார்கிட்டயும் ஒண்ணும் கேட்டதில்ல" என்றார் அண்ணன். "என்கிட்டயே கேட்டதில்ல."

வாயை மூடிக்கொண்டு மாடியேறியிருக்கலாம். முடியவில்லை. "என்கிட்ட கேட்டாங்கண்ணா" என்றேன். சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். ரோல் கெடவில்லை, வெறும் ஃபிளாஷ் அடித்து ஏமாற்றினேன், உங்களிடமும் பொய் சொன்னேன். தையல்நாயகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் மடித்துக்கொண்டிருந்த பாயைக் கீழே வைத்தார்.

"அப்ப ஃபிலிம் இருந்துச்சா?"

"இருந்துச்சுண்ணா."

"அதுல இன்னாத்த எடுத்த?"

"ரயிலு. பீச்சுக்குப் போற ரயிலு."

அவர் மாலைக்குள் இருந்த முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அது டெய்லி போவுதேம்மா" என்றார்.