ஐந்தாவது மூலை

டிசம்பர் மாதம் விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வாளியில் கை விட்டவர்களுக்குத்தான் பெங்களூரின் குளிர் தெரியும். மற்றவர்கள் நல்ல கிளைமேட் என்று புகழ்ந்துகொண்டே போர்வைக்குள் புரண்டு படுக்கலாம்.

ஓசூர் சாலையோரம் புதிதாக எழும்பிய நான்கு மாடி ஷாப்பிங் மாலில் நாங்கள் பதினாறு பேர் துப்புரவு வேலை செய்தோம். முந்தின நாள் தரையில் துப்பி மிதித்த சூயிங்கத்தை மண்டியிட்டு பிளேடால் சுரண்ட வேண்டும். எஸ்கலேட்டர் படிகளின் இடுக்கில் சிக்கிய பாப்கார்னைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கிளற வேண்டும். பினாயில் நெடியில் கண் எரியும், மூக்கில் நீர் வடியும், துடைக்கக் கை காலியாக இருக்காது. கண்ணாடிக் கதவை நம் முகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். கடை திறந்ததும் அந்த முகம் யார் கண்ணிலும் படக்கூடாது.

என் பெயர் கவியரசன். திருப்பத்தூரில் பி.ஏ. வரலாறு படித்தவன். அப்பா ஆசையாக வைத்த பெயர். கவியும் வரவில்லை, அரசும் வரவில்லை, லிஃப்ட்தான் வந்தது. காலை பத்து மணிவரை துடைப்பம், அதற்குமேல் லிஃப்ட்டுக்குள் ஸ்டூல் இல்லாமல் நின்று பொத்தான் அழுத்துவது. ஏழெட்டு வருடமாக எதற்காக இந்த ஊரில் இருக்கிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டு, பதில் வராததால் தவணையில் ஒரு செல்போன் வாங்கினேன். அதில் என்னைக் கூப்பிட யாரும் இல்லை.

மால் வாசலுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவே, நடைபாதையில், சாக்கடையை மூடியிருந்த கல் பலகை ஒன்று உடைந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. ஆள் ஆழக் குழி. மால் கட்ட வந்த லாரி உடைத்தது என்றது மாநகராட்சி. நடைபாதை மாநகராட்சியுடையது என்றது மால். தினம் ஆயிரக்கணக்கான பேர் அதைத் தாண்டிப் போனார்கள். யாரோ ஒரு புண்ணியவான் ஒரு மரக்கிளையை ஒடித்து அதில் செருகிவிட்டுப் போனான். நான்கு மாதத்தில் அந்தக் குழிக்காக யாரும் செய்த ஒரே காரியம் அதுதான். நான் மட்டும் என்ன செய்து கிழித்தேன்? நானும்தான் தாண்டினேன்.

தாண்டியவர்களில் ஹரிஷ் என்ற பையனை எனக்குத் தெரியும். ஈரோட்டுக்காரன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. தினம் காலை கம்பெனி வண்டிக்காக வாசலருகே நிற்பான். ஞாயிற்றுக்கிழமை மாலுக்கு வந்து ஏதாவது வாங்குவான், அடுத்த ஞாயிறு அதை மாற்ற வருவான். ஒருநாள் லிஃப்ட்டில் கையில் ஷூ பெட்டியோடு, "இது மூணாவது ஜோடி அண்ணா. வாங்குற வரைக்கும் நல்லா இருக்கு. வாங்கினப்புறம் ரூம்ல உக்காந்து அதையே பாத்துட்டிருக்கேன்" என்றான். நான் பொத்தானை அழுத்தினேன். 

வருடக் கடைசி தள்ளுபடி விற்பனை ஒரு சனிக்கிழமை தொடங்கியது. பத்து மணிக்கு ஒரு நடிகை வந்து ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு. விடியற்காலையிலேயே எங்கள் காண்ட்ராக்டர் வந்து நின்றார். பெயர் உத்தமன். பெயர் வைத்த பெற்றோர் மேல் குற்றமில்லை.

"அந்தக் கொம்பைப் புடுங்கி எறி. கார் ரோட்ல நிக்கும், இறங்கினா கால் கம்பளத்துலதான் படணும். ரோடு வரைக்கும் இழுத்து விரிங்க" என்றார்.

எங்கள் குழுவுக்குத் தலைமை ருக்கு அக்கா. "நடுவுல குழி இருக்குதே சார்" என்றாள்.

"எனக்குத் தெரியாதாம்மா? கோடவுன்ல இருந்து ப்ளைவுட் வருது. மொதல்ல விரிங்க, அப்புறம் அடியில சொருகிக்கலாம். பேக, பேக, சீக்கிரம்!"

கம்பளம் விரிப்பது எங்களுக்குக் கைவந்த வேலை. பச்சைப் புல் மாதிரியான பிளாஸ்டிக் கம்பளம், கனமானது. நான்கு மூலைக்கு நான்கு பேர். அன்று ஒரு மூலையில் நான், எதிரே ருக்கு அக்கா, அந்தப் பக்கம் ஜீவனஹள்ளி சிரிலும் லட்சுமம்மாவும். ருக்கு அக்கா "ஏய்" என்று குரல் கொடுத்ததும் நாலு பேரும் ஒரே மூச்சில் பின்னால் சாய்ந்து இழுப்போம். ஒரு சுருக்கம் இருக்காது. இழுத்த இழுப்பிலேயே ஆணி அடித்துவிடுவோம். அன்றும் அப்படித்தான் இழுத்தோம். மேளத்தோல் மாதிரி விறைப்பாக நின்றது. குழி இருந்த இடம் எங்களுக்கே தெரியவில்லை. "சூப்பரா வந்திருக்குல்ல?" என்றான் சிரில். நான்கு பேரும் பெருமையாக அதைப் பார்த்தோம். அரைகுறையாக விரித்திருந்தால் நடுவில் தொய்ந்து காட்டிக் கொடுத்திருக்கும். வேலையை ஒழுங்காகச் செய்து தொலைத்தோம்.

ப்ளைவுட் வரும்வரை என்னைக் காவல் நிற்கச் சொன்னாள் ருக்கு அக்கா. நின்றேன். ஆறேகாலுக்கு உள்ளேயிருந்து உத்தமன் கத்தினார்: "கவி, லிஃப்ட்டுல லைட் எரியல, வந்து பாரு!" சார் கூப்பிட்டால் போக வேண்டும் என்பது கால்களுக்கே பழகியிருந்தது. போனேன்.

அந்த நேரத்தில் இரண்டாம் மாடிக் கழிவறைகளைக் கழுவி முடித்து ரத்தினம்மாள் கீழே வந்தாள். நாற்பத்தைந்து வயது, ஆளுக்கு முந்தி வேலைக்கு வருபவள். கம்பளத்தின் முன்னால் வரவேற்புக் கோலம் போடும்படி முதல் நாளே அவளிடம் சொல்லியிருந்தார்கள். கம்பளம் விரித்தபோது அவள் அங்கே இல்லை. குழி மேலேயே விரித்திருப்போம் என்று அவள் எப்படி நினைப்பாள்? கோலம் போடுகிறவள் குனிந்து மாவைப் பார்த்துக்கொண்டே பின்பக்கமாக நகர்வாள். பெரிய கோலம். கோலப்பொடிக் கிண்ணத்தோடு ஓரடி, இன்னும் ஓரடி என்று கம்பளத்தின் மேல் பின்னால் வந்தாள்.

ஆணி பிடுங்கிக்கொள்ளும் சத்தம் எனக்கு லிஃப்ட்வரை கேட்டது.

சாக்கடைக்குள் சிரில் இறங்கி அவளைத் தோளில் தாங்கித் தூக்கினான். இடுப்புக்குக் கீழே அவள் கால் இருக்க வேண்டிய திசையில் இல்லை.  ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, பிளேட் வைத்தால்தான் நடப்பாள் என்றார் டாக்டர். எட்டு மணிக்கு ப்ளைவுட் வந்தது. பத்து மணிக்கு நடிகை வந்தார். பாதிக் கோலத்தின் மேல் ஆயிரம் செருப்புகள் ஏறி உள்ளே போயின.

அன்று மதியம் உத்தமன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். டீ வாங்கிக் கொடுத்தார். 

"நீ படிச்சவன், அழகா எழுதுவ. எழுது. ரத்தினம்மாள் சனிக்கிழமை டூட்டிக்கு வரவில்லை. ரோட்டில் தானாக விழுந்தார். எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கு. அந்தம்மா கைநாட்டையும் வாங்கிடு."

"டூட்டியிலதான சார் விழுந்தாங்க? இப்படி எழுதிட்டா ஆபரேஷனை யார் பாத்துப்பா?"

"டூட்டின்னு எழுதினா நான் பாத்துக்கணும். மால்காரன் என் காண்ட்ராக்ட்டையே தூக்கிடுவான். பதினாறு பேரும் வீட்டுக்குப் போகணும். அதுவும் போகட்டும், குழி மேல கம்பளம் விரிச்சது யாரு? ருக்குதான ஹெட்டு? அப்ப போலீஸ்ல ருக்கு பேரத்தான் சொல்லணும்." டீயை உறிஞ்சிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "ஜனவரியில இருந்து சூப்பர்வைசர் நீதான்."

எழுதினேன். ஆமாம், நான்தான் எழுதினேன். என் முத்து முத்தான கையெழுத்தில் அந்தப் பொய் மிக லட்சணமாக இருந்தது. எழுதியதை ஒவ்வொருவரிடமும் கொண்டுபோனேன். யாரும் முழுதாகப் படிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்கள், போட்டார்கள். ருக்கு அக்கா அழுதுகொண்டே போட்டாள். "என்னைப் புடிச்சு உள்ள போட்டா என் புள்ளைங்களுக்கு யாருடா கவி?" என்றாள். ஆஸ்பத்திரியில் ரத்தினம்மாளின் கைநாட்டும், அவளுக்குத் துணையிருந்த எங்கள் குழுவின் பிரிஜெட் கையெழுத்தும்தான் பாக்கி. பிறகு நான்.

ஞாயிற்றுக்கிழமை மாலை தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலில் செங்கல் தொங்கவிட்டு ரத்தினம்மாளைப் படுக்க வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி தன்னைப் பற்றியது இல்லை.

"கம்பளத்த எடுத்துட்டாங்களா கவி?"

"இல்லம்மா. சேல் முடியிற வரைக்கும் இருக்கும். அடியில ப்ளைவுட் வெச்சிருக்காங்க."

"எது, கோடவுன்ல ஈரத்துல கெடந்ததா? ஐயோ, அது ஊறிப்போன பலகைடா. நான்தான தெனம் அத நகத்தி வெச்சுக் கூட்டுறேன், கை வெச்சாலே பொடிப்பொடியா வருது. ரெண்டு நாள் தாங்காது. கொழந்தைங்கள இடுப்புல வெச்சுக்கிட்டு வருவாங்களே. எடுக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. அத்தனை ஆயிரம் பேரில் ஒருவர்கூட, விழுந்த அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கேட்கவில்லை. அவள் அவர்களுக்காகத் தவிக்கிறாள். வெட்கத்தில் செத்தேன் என்று எழுதினால் அது அலங்காரம். சாகவில்லை, வராந்தாவுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தேன். பின்னாலேயே வந்த பிரிஜெட் என் பையில் நீட்டிக்கொண்டிருந்த தாளை உருவிப் படித்தாள்.

"நீயா எழுதின?"

"ம்."

"கையெழுத்து நல்லாருக்கு" என்று மடித்து என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். அவள் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

திங்கட்கிழமை விடியற்காலை. உடை மாற்றும் அறையில் எல்லோரையும் கூப்பிட்டு, ரத்தினம்மாள் கேட்டதை அப்படியே சொன்னேன். பலகை பற்றியும் சொன்னேன். எனக்குக் கிடைக்கவிருந்த சூப்பர்வைசர் வேலையைப் பற்றியும் சொன்னேன். அந்தக் கடைசி விஷயம் அவர்களுக்குத் தெரியாது. சிரில் காறித் துப்பினான். அது எனக்குச் சேர வேண்டியதுதான்.

தாளை நான்காகக் கிழித்தேன். "போலீஸ் வந்தா என் பேரை மொதல்ல சொல்லிடறேன். ருக்கு அக்காவைத் தனியா விடமாட்டேன்" என்றேன்.

ருக்கு அக்கா எழுந்தாள். சுத்தியலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பனியில் குத்த வைத்து உட்கார்ந்து, முதல் ஆணியை நெம்பினாள். அது கிறீச்சிட்டு வந்தது. சிரில் அடுத்த ஆணிக்குப் போனான். கம்பளத்தைச் சுருட்டியபோது நடுப்பலகை ஊறி, பள்ளமாகத் தொய்ந்திருந்தது. லட்சுமம்மா துடைப்பக் கட்டையால் லேசாகக் குத்தினாள்; கட்டை மறுபக்கம் போய்விட்டது. யாரோ "ஐயோ" என்றார்கள்.

பிறகு, யாரும் சொல்லாமலேயே, குழியைச் சுற்றிக் கை கோத்து நின்றோம். ஆஸ்பத்திரியிலிருந்து பிரிஜெட்டும் வந்துவிட்டாள். பதினைந்து பேர்.

ஏழரை மணிக்குச் சாலை நிறைந்தது. "வழிய விடுங்கப்பா, லேட் ஆகுது." "இதெல்லாம் காலங்காத்தால ஒரு நாடகம்." "மாலுக்குள்ள போய்ப் பண்ணுங்களேன்." குழியை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. நான்கு மாதம் குழியைச் சுற்றிப் போனவர்கள் இப்போது எங்களைச் சுற்றிப் போனார்கள். நாங்களும் போன வாரம்வரை அவர்களில் பாதிதான் என்று நினைத்தபோது கோபம்கூட முழுதாக வரவில்லை.

ஹரிஷ் மட்டும் நின்றான். "என்ன அண்ணா ஆச்சு?"

சொன்னேன். அவன் குனிந்து குழிக்குள் பார்த்தான். கோலப்பொடிக் கிண்ணம் இன்னும் உள்ளேதான் கிடந்தது. 

உத்தமன் கார் கதவைச் சாத்தாமலேயே இறங்கி ஓடி வந்தார். "யாரைக் கேட்டுக் கம்பளத்தை எடுத்தீங்க? பத்து மணிக்குக் கதவு திறக்கணும். கவி, பேப்பர் எங்க?"

"கிழிச்சுட்டேன் சார். ரத்தினம்மா டூட்டியில விழுந்தாங்கன்னு நீங்க எழுதிக் குடுங்க. அப்புறம் இந்தக் குழிய மூடுங்க. நாங்க உள்ள வர்றோம்."

"காண்ட்ராக்ட் போயிடும்டா! உங்களுக்கும் சேத்துத்தான சொல்றேன்!"

"எங்களுக்கும் சேத்துத்தான் சார் அவங்க விழுந்தாங்க" என்றாள் ருக்கு அக்கா.  கோத்த கையை விடவில்லை.

அரைமணியில் போலீஸ் ஜீப் வந்தது. உத்தமன் ஏட்டின் காதில் ஏதோ சொன்னார். ஏட்டு எங்களைப் பார்த்து, கம்பளத்தை விரித்தது யார், ருக்கு என்பவள் முன்னால் வரட்டும் என்று கன்னடத்தில் அதட்டினார். "யார்ரீ இதெல்லா மாடித்து? ருக்கு யாரு, முந்தெ பன்னி!"

ருக்கு அக்கா முன்னால் நகர்ந்தாள். அவளுக்கு முன்னால் நான் நகர்ந்தேன். "ஒரு மூலையை நான் புடிச்சேன் சார்."

"இன்னொரு மூலை நான்" என்றான் சிரில்.

"நந்தொந்து மூலெ" என்றாள் லட்சுமம்மா.

"நாலாவது என்னுது" என்றாள் ருக்கு அக்கா.

கம்பளத்துக்கு அவ்வளவுதான் மூலை. ஏட்டு நோட்டைத் திருப்பினார்.

"அஞ்சாவது மூலை நான் புடிச்சேன் சார்" என்றாள் பிரிஜெட். கம்பளம் விரித்த அன்று அவள் மூன்றாம் மாடியில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"ஆறாவது நான்." "ஏழாவது." வரிசையாகக் குரல்கள் வந்தன. உத்தமன் முகத்தில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது. பதினைந்து பேரை எந்த வழக்கில் உள்ளே போடுவது?

ஹரிஷின் கம்பெனி வண்டி வந்து ஹாரன் அடித்தது. அவன் திரும்பவில்லை. "சார், நாலு மாசமா தினமும் இதைத் தாண்டிட்டுத்தான் போறேன். என் பேரையும் எழுதிக்கோங்க."

"நிமகே யாக்ரீ?" உங்களுக்கு ஏன் இந்த வம்பு என்று ஏட்டு உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார்.  அவன் எங்கள் வரிசையில் வந்து நின்று, லட்சுமம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். வண்டி இன்னொரு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

ஆபரேஷன் இன்னும் நடக்கவில்லை. குழி இன்னும் மூடவில்லை. நாளைக்கு எங்களில் யாருக்கு வேலை இருக்கும் என்று தெரியாது. ஏட்டு ஜீப்பின் மூக்கில் நோட்டை வைத்து, பேனாவைத் திறந்து, அலுப்போடு கேட்டார்.

"சரி, சனிக்கிழமை டூட்டியில இருந்தவரு யார் யாரு? மொதல் பேரு சொல்லுங்க."

"ரத்தினம்மாள்" என்றோம் பதினைந்து பேரும். அந்தப் பெயரை அன்றுதான் முதல்முறையாகக் கேள்விப்பட்ட ஹரிஷும் எங்களோடு சேர்ந்து சொன்னான்.