வியாழக்கிழமை லாரியின் வெள்ளைச் சீட்டு

தலைமை ஆபீஸ்காரர்களுக்கு ஊருக்கு ஒரு வழக்கம் இருந்தால் ஆகாது. அந்த லாரிக் கம்பெனிக்குப் பதினேழு கிளை. பதினேழுக்கும் ஒரே அச்சு, ஒரே காகிதம், ஒரே வெள்ளைச் சீட்டு என்று 1957 தை மாதம் சேலத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. இனி எந்தக் கிளையும் உள்ளூரில் ஒரு துண்டுச் சீட்டுகூட அச்சடிக்கக் கூடாது, பழைய பதிவேடெல்லாம் சேலத்து ஆவண அறைக்கு வந்துவிட வேண்டும், மீறினால் வேலை போகும். இதை நடத்திவைக்க ஓசூர்க் கிளைக்கு வந்து இறங்கியவர் இன்ஸ்பெக்டர் பெருமாள். கெட்டவரில்லை. ஆனால் பிடித்த பிடியை விடாதவர்.

கிளைக் குமாஸ்தா திம்மப்பன் அவர் கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தான். ஒரு காகிதக் கட்டை மட்டும் மேசைக்கடியில் தள்ளி வைத்திருந்தான். புதன்கிழமை சாயங்காலம் பெருமாள் அதையும் கண்டுபிடித்துவிட்டார்.

"என்ன இது?"

"செவப்புச் சீட்டுங்க சார். கேப்புப் பெட்டிக்கு ஒட்டறது."

குருபரப்பள்ளிப் பக்கத்துக் கல் குவாரிக்கு வாரா வாரம் வியாழக்கிழமை லாரியில் சாமான் போகும். உளி, ஆணி, கயிறு, விளக்கு என்று கலந்து கிடக்கும். அதோடு இரண்டு பெட்டி கேப்பு. பாறை வெடியைக் கிளப்பிவிடுகிற சமாச்சாரம், அடிபட்டால் தானாகவே வெடிக்கும். எல்லாப் பெட்டியையும் சாக்கில் வைத்துத் தைத்துவிடுவதால் எது எதுவென்று பார்த்தால் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்டி கைதவறி விழுந்ததில் ஓர் ஆளுக்கு வலது கை மணிக்கட்டோடு போயிற்று. அந்த வாரமே திம்மப்பன் சாந்த் பாஷாவின் அச்சாபீசில் சிவப்புத் தாளில் சீட்டு அடித்து வாங்கினான். சீட்டைப் பார்த்தால் கூலியாட்கள் செருப்பைக் கழற்றுவார்கள், பீடியை அணைப்பார்கள், ஒரு பெட்டிக்கு இரண்டு பேராகப் பிடித்து வாய் பேசாமல் இறக்குவார்கள்.

"ஏத்தி எறக்கறவங்களுக்கு எழுத்துத் தெரியாதுங்க சார். செவப்பப் பாத்தாத்தான் பயம்."

"வெள்ளைச் சீட்டுல நம்பர் இருக்கு. நம்பரைப் பதிவேட்டுல பாத்தா சாமான் என்னன்னு தெரியும். பேரை வெளியில காட்டினா திருட்டுப் போகும், அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. ஆளுங்ககிட்ட நீ வாயால சொல்லிடு" என்றார் பெருமாள். கட்டுக்கு அரக்கு வைத்து முத்திரையும் போட்டுவிட்டார்.

குருபரப்பள்ளியில் பெட்டி இறக்குகிறவன் கரியப்பன், திம்மப்பனின் மனைவி சாந்தம்மாவுக்குக் கூடப்பிறந்த தம்பி. வேலை வாங்கிக் கொடுத்தவனே திம்மப்பன்தான். காலையில் லாரி டிரைவரிடம் கேப்புப் பெட்டியைக் காட்டிச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று இருந்தான்.

விடிந்ததும் பெருமாள் அவனை அச்சாபீசுக்கு விரட்டினார். கம்பெனி சம்பந்தப்பட்ட தாளோ அச்சுக்கட்டையோ பாக்கி இல்லை என்று கையெழுத்து வாங்கி வர வேண்டுமாம். சாந்த் பாஷா கையெழுத்துப் போட்டுவிட்டு முகத்தைப் பார்த்தார்.

"யாவாரம் போனாப் போவுது திம்மப்பா. செவப்பு இல்லாம உன் ஆளுங்க எப்படிப்பா கண்டுபிடிப்பாங்க?"

"வாயால சொல்லி அனுப்பறேன் பாய்."

திரும்பி வந்தபோது ஷெட் காலியாகக் கிடந்தது.

"இருபத்தாறு பெட்டி. நானே நம்பர் ஒட்டி ஏத்தி அனுப்பிட்டேன்" என்றார் பெருமாள் சந்தோஷமாக. "லாரி போயி அரை மணி ஆச்சு."

"கேப்பு எந்த நம்பருங்க சார்? டிரைவர்கிட்ட சொன்னீங்களா?"

"அதான் பதிவேட்டுல..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். நம்பரை எழுதிய கையோடு பதிவேடு காலை பஸ்ஸில் சேலத்துக்குப் போய்விட்டது. அனுப்பியவரும் அவரேதான். "பதினொண்ணா, பத்தொம்பதா" என்று முணுமுணுத்தார்.

ஓசூரில் ஷெட்டும் லாரியும் ஒரே மட்டம், பெட்டியைத் தள்ளினால் போதும். குருபரப்பள்ளியில் மேடை கிடையாது. சாதாரணப் பெட்டியென்றால் மேலிருந்து கரியப்பன் எறிவான், கீழே கூட்டாளி கோவிந்தன் பிடிப்பான். அங்கே போனும் கிடையாது. திம்மப்பன் ஆபீசைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான். யாரைக் கேட்டுப் போகிறாய் என்று அதட்ட வேண்டிய பெருமாளும் பின்னாலேயே ஓடி வந்தார்.

பஸ் என்றைக்குத்தான் அவசரத்துக்குப் போயிருக்கிறது? சூளகிரியில் பேரிகை ஊர்க்காரர்கள் கொத்தமல்லி மூட்டைகளை ஒவ்வொன்றாக மேலே ஏற்றினார்கள். திம்மப்பன் ஜன்னல் வழியே எட்டி எட்டிப் பார்த்தான். சாந்தம்மாவிடம் என்னவென்று போய்ச் சொல்வது? மேசைக்கடியிலிருந்து பத்தே பத்துச் சீட்டை மடியில் செருகிக்கொள்ளத் துப்பில்லாமல் போயிற்றே என்று தன்னையே திட்டிக்கொண்டான். பெருமாள் பதினொன்றா, பத்தொன்பதா என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

குருபரப்பள்ளியில் லாரி நின்றிருந்தது. சத்தமே இல்லை. பெட்டி விழும் சத்தமும் இல்லை, ஆள் பேச்சும் இல்லை. சாலையோரம் கரியப்பனின் மனைவி முனிலட்சுமி நின்றுகொண்டு, பீடியோடு வந்த வண்டிக்காரனைக் கையைக் காட்டித் தடுத்துக்கொண்டிருந்தாள்.

திம்மப்பன் லாரியைச் சுற்றிக்கொண்டு போனான். சாய்த்துப் போட்ட பலகையில் வெறுங்காலோடு கரியப்பனும் கோவிந்தனும் ஒரே பெட்டியை இரண்டு முனையில் பிடித்து அடிமேல் அடி வைத்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"கரியா" என்றான்.

"சத்தம் போடாதீங்க மாமா. கையில இருக்குது."

பெட்டியை மண்ணில் வைத்த பிறகுதான் கரியப்பன் நிமிர்ந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. "என்ன மாமா இது, வியாழக்கெழம லாரியில ரெண்டு செவப்பு வரணும். ஒண்ணக்கூடக் காணோம். எதுன்னு தெரியாம எப்படி எறியறது? இருபத்தாறும் செவப்புன்னே வெச்சு எறக்கறோம். பதினாலு ஆச்சு. கோவிந்தனுக்குக் கை நடுங்குது, இனிமே அவனால ஆவாது."

திம்மப்பன் மச்சினனைக் கட்டிப்பிடிக்கவா, காலில் விழவா என்று தெரியாமல் நின்றான்.

கரியப்பன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். "சார் படிச்சவரு. மிச்சம் பன்னெண்டு இருக்குது. அதுல கேப்பு இருக்குதா, எதுன்னு பாத்துச் சொல்லிட்டா அத மட்டும் பதனமா எறக்கிடுவோம்."

பெருமாள் பலகையில் ஏறினார். ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து சீட்டைப் பார்த்தார். எல்லாம் அவர் கையெழுத்து, அழகான நம்பர்கள். பன்னிரண்டையும் பார்த்து முடித்து, முதல் பெட்டிக்கே திரும்பி வந்து மறுபடியும் பார்த்தார்.

"தெரியலப்பா" என்றார்.

திம்மப்பன் செருப்பைக் கழற்றினான். கரியப்பன் தலையசைத்து மறுத்தான். "நீங்க வேணாம் மாமா. ஏதாச்சும் ஆனா அக்காவுக்கு யாரு இருக்கா?"

"நான் வரேன்" என்றார் பெருமாள். "ஒட்டினது நான்."

பலகையின் விளிம்பில் உட்கார்ந்து பூட்ஸ் நாடாவை அவிழ்த்தார். நேரமாயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

"மூச்சுப் பிடிச்சு ஒரே சீரா வரணும் சார். பேசக் கூடாது" என்றான் கரியப்பன்.

பெருமாள் தலையாட்டிவிட்டு, பெட்டியின் மறுமுனையைப் பிடித்தார்.