பச்சைப் படகின் கம்பம்

1.

இதை எழுதச் சொன்னது அண்ணி. "நீதான் எந்நேரமும் புஸ்தகமும் கையுமா திரியுறியே, உங்க அண்ணனைப் பத்தி எழுதி வை தம்பி. பாப்பா பெரியவளானா படிக்கட்டும்" என்றார். தலையாட்டிவிட்டேன். ஆறு மாதமாக முதல் வரியிலேயே நிற்கிறேன்.

புயல் வந்த அன்று கடல் சீறி (வேண்டாம். எந்தக் கதையில்தான் கடல் சீறவில்லை?)

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். அன்றைக்கு நான்

(இங்கேதான் கை நின்றுவிடுகிறது. இனி 'அவன்' என்று எழுதுகிறேன். அவன் யார் என்று உங்களுக்குத் தெரியும்.)

2.

அவன் கிரேனில் இருப்பான். அண்ணன் அலைத்தடுப்புச் சுவர்மேல் நிற்பார். கல் எங்கே இறங்குகிறது என்று கேபினிலிருந்து பார்த்தால் தெரியாது. அண்ணனின் கைதான் அவனுக்குக் கண். உள்ளங்கை கீழே பார்த்தால் இறக்கு. மூடினால் நிறுத்து. இறங்கிய ஒவ்வொரு கல்லின் மேலும் அண்ணன் ஏறி நின்று உடம்பை ஆட்டிப் பார்ப்பார்.

"இது உட்காரல, சும்மா குந்தியிருக்கு. தூக்குடா!"

"கல்லுக்கு முதுகு வலிக்கும்னு மெத்தை போட்டு வைப்போமாண்ணே?"

"உனக்கென்ன, குஷன் சீட்டுல உட்கார்ந்து வாய் பேசுவ. நாளைக்குக் கடல் என்னைத்தானே கேட்கும்."

3.

(மூன்று முறை கிழித்த பகுதி.)

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. காற்று கிளம்பினால் படகு கட்டும் கம்பங்களைப் பார்ப்பார்கள். கம்பம் காலி என்றால் படகு இன்னும் வரவில்லை. யாராவது சுவரின் நுனிக்குப் போய் விளக்குப் பிடிக்க வேண்டும். பழுதுபார்க்கக் கரையேற்றிய படகென்றால், அதன் கம்பத்தில் பழைய டயர் ஒன்றைக் கட்டிவைப்பார்கள். இதைத் தேடாதே என்று அர்த்தம்.

புயலுக்கு முந்தின நாள் கிரேனின் கால் மண்ணில் புதைந்தது. அடியில் கொடுக்க எதுவும் அகப்படாமல், பக்கத்துக் கம்பத்தில் இருந்த டயரை அவன் அவிழ்த்துக்கொண்டு வந்தான். யாருடைய கம்பம் என்றுகூடப் பார்க்கவில்லை. வேலை முடிந்ததும் திரும்பக் கட்டிவிடலாம் என்று நினைத்தான். மறந்தேபோனான்.

மறுநாள் பிற்பகலில் காற்று திரும்பியது. அவன் கேபினிலிருந்து போன் செய்தான்.

"அண்ணே, பச்சைப் படகு இன்னும் வரல. கம்பம் காலியா கிடக்கு."

"டயர் இருக்கா பாரு."

"இல்லண்ணே."

"சரி, நீ இறங்காத. நான் போறேன்."

பச்சைப் படகு அப்போது பழுதுபார்ப்புக்காக ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் கட்டைகள்மேல் இருந்தது. அண்ணன் சுவரில் இருக்கும்போதே சுவர் நடுவில் சரிந்தது. எட்டு நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை.

(ஒரு குறிப்பு: டயரைக் காற்று கொண்டுபோயிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். "நான்தான் இறுக்கிக் கட்டாம விட்டுட்டேன்" என்று பச்சைப் படகுக்காரர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவன் பக்கத்தில்தான் நின்றான். வாயைத் திறக்கவில்லை.)

4.

சுவரைத் திரும்பக் கட்ட ஆட்கள் வந்தார்கள். சரிந்த கல்லையெல்லாம் தூக்கிப் பார்த்துவிட்டுக் கட்டினால், அடுத்த புயல் காலத்துக்குள் முடியாது என்றார் இன்ஜினியர். அந்தக் கல்லுக்கடியில் அண்ணன் இருக்கலாம். அதை அண்ணியிடம் யார் போய்க் கேட்பது என்று ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். அண்ணியே வந்துவிட்டார்.

"தூக்க வேணாம். மேலேயே போடுங்க. இத்தனை படகும் ஒதுங்க இடமில்லாம கிடக்குது." பிறகு அவன் பக்கம் திரும்பினார். "தம்பி, நீயே போடு. வேற யாரும் போடக் கூடாது."

தூரத்தில் பச்சைப் படகுக்காரர் நின்றிருந்தார்.

"அந்த ஆளைப் போகச் சொல்லு. ஒரு டயரைக் கட்டத் துப்பில்லாத ஆளு. சாகுற வரைக்கும் அவன் முகத்துல முழிக்க மாட்டேன்."

5.

முடிவு ஒன்று: அவன் அங்கேயே சொல்லிவிடுகிறான். அண்ணி அவனை அறைகிறார். (எழுதியதும் மனசு லேசானது. அதனாலேயே அந்த வரியை அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: கிரேன் காலடியில் புதைந்த டயரைப் பச்சைப் படகுக்காரரே கண்டுபிடித்து (கோழை. நீ சொல்ல வேண்டியதை அவர் தலையில் கட்டுகிறாய்.)

நடந்தது இதுதான். அவன் கேபினில் ஏறினான். சுவர்மேல் நின்ற புது ஆள் உள்ளங்கையைக் கீழே காட்டினான். முதல் கல் இறங்கியது. ஏறி நின்று பார்க்காமலேயே "அடுத்தது!" என்றான் புது ஆள். கேபினில் இருந்த அவன் அந்தக் கல்லைத் தூக்கித் தூக்கி நான்கு முறை வைத்தான்.

"என்னண்ணே, நல்லாத்தானே இருக்கு?"

அவன் அடுத்த கல்லுக்குக் கொக்கியைத் திருப்பினான்.

6.

நேற்று அண்ணி கேட்டார்: "இன்னுமா முடியல?"

"முடிவு சரியா வரல அண்ணி."

"அதுல என்ன இருக்கு? அந்த ஆளு கவனிக்காம விட்டான், இவர் போயிட்டாரு. அவ்வளவுதானே."

பாப்பாவும் அப்படித்தான் படித்து வளர்வாள்.

அண்ணி, அந்த டயரை அவிழ்த்தது நான். பச்சைப் படகுக்காரரிடம் இன்று காலையே போய்ச் சொல்லிவிட்டேன். "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

நீங்கள் படித்து முடிக்கும்வரை வெளியே படியில் உட்கார்ந்திருக்கிறேன். கதவைத் திறப்பீர்களா, திறந்து என்ன சொல்வீர்கள் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால், அது எனக்கு வேண்டிய பதிலாகவே இருக்கும்.