பதினேழு ஐந்தான கதை

என் உயரம் ஐந்தடி பத்தங்குலம். தீவிர சிகிச்சைப் பிரிவில் எல்லோருக்கும் நான் ‘நெட்டை சிஸ்டர்’. முகத்துக்கு நேரே சொன்னவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். அங்கே இருக்கிற கட்டில்களோ குள்ளமானவர்களுக்கென்றே செய்தவை. குனிந்து குனிந்து இடுப்பு போனதுதான் மிச்சம். அதனால் காயத்துக்குக் கட்டு மாற்றும்போதெல்லாம் பொத்தானை அமுக்கிக் கட்டிலை என் வசதிக்கு ஏற்றிக்கொள்வேன்.

அன்று காலை ஐந்தாம் கட்டிலில் ஒரு பள்ளி வேன் டிரைவர். முந்தின நாள்தான் அவருக்கு இதய வால்வு மாற்றியிருந்தார்கள். கழுத்து ரத்தக்குழாய்க்குள் விட்ட மெல்லிய குழாய் இதயத்தின் வாசல்வரை போயிருந்தது. அதன் மறுமுனை பக்கத்துக் கம்பத்தில் மாட்டிய சின்னக் கருவியில் முடியும். டப்பா என்போம் அதை. இதயத்துக்கு வந்து சேரும் ரத்தத்தின் அழுத்தத்தைத் திரையில் எண்ணாகக் காட்டும். ஒரே நிபந்தனை, டப்பா இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். கட்டில் ஏறினால் டப்பாவையும் ஏற்ற வேண்டும். மறந்தவர்களை நான் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். சுவரில் ‘மட்டம் பார்!’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியதும் நான்தான்.

“சிஸ்டர், இத்தன வயர் மாட்டியிருக்கீங்களே, இதுல பாட்டு வருமா?” என்றார் டிரைவர்.

“நீங்க வாய மூடினா வரும்” என்றேன், கட்டு மாற்றிக்கொண்டே.

பத்து மணிக்கு அந்த வாய் தானாகவே மூடிக்கொண்டது. முகம் வெளுத்தது. கையில் சுற்றிய பட்டை ரத்த அழுத்தத்தை எண்பது என்றது. காலையில் எட்டாக இருந்த டப்பா எண், பதினேழு.

பெரிய டாக்டர் ஓடி வந்தார். ஸ்கேன் வைத்துப் பார்த்தார். கட்டும் குழாய்களுமாக இருந்ததில் படம் தெளிவாக விழவில்லை.

“அங்க பிரஷர் குறையுது, இங்க ஏறுது. இதயத்தச் சுத்தி ரத்தம் கட்டியிருக்கும்னு தோணுது. தியேட்டருக்குக் கொண்டு வாங்க, திறந்துடலாம்” என்றார்.

டிரைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “மறுபடியும் அறுக்கப் போறாங்களா? நான் தாங்குவேனா சிஸ்டர்?”

வெளியே அவர் மனைவியிடம் கையெழுத்து வாங்க ஆள் போயாயிற்று. தள்ளுவண்டி வந்து பக்கத்தில் நின்றது. அது தாழ்வு, கட்டில் உயரம். அவரை மாற்றுவதற்காகப் பொத்தானை அமுக்கிக் கட்டிலைப் பழைய உயரத்துக்கே இறக்கினேன்.

திரையில் எண்ணும் இறங்கியது. பதினேழு. பதினான்கு. பத்து. ஏழு. கட்டில் நின்றதும் அதுவும் நின்றது. ஐந்து.

கட்டிலை ஏற்றியவள் நான். டப்பாவை ஏற்ற மறந்தவளும் நானே. முக்கால் சாண் உயரம் அவருடைய நெஞ்சைத் திறக்கப் பார்த்திருக்கிறது!

“நிறுத்துங்க டாக்டர்!” என்று கத்திய கத்தலில் வார்டே திரும்பிப் பார்த்தது. “பதினேழு பொய். கட்டில நான் ஏத்தினேன், டப்பாவ ஏத்தல. நிஜம் அஞ்சுதான். அவருக்கு உள்ள தண்ணி பத்தல.”

டாக்டர் சுவரில் ஒட்டியிருந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “நீங்களா?”

“நானேதான். அப்புறமா நல்லாத் திட்டுங்க. இப்ப சலைன் ஏத்தலாமா?”

அவரே குனிந்து மட்டம் பார்த்தார். “ஏத்துங்க. வண்டி நிக்கட்டும்.”

ஏற்றினோம். எண்பது தொண்ணூறானது. அரை லிட்டர் உள்ளே போனபோது நூற்றுப் பத்து. டப்பா எண் எட்டில் வந்து உட்கார்ந்தது. டிரைவரின் வெளுத்த உதடு மறுபடி சிவந்தது.

“சிஸ்டர், நீங்க கத்தினதுல எனக்கு உயிரே வந்துடுச்சு” என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். சந்தோஷத்தில் அந்தக் காலித் தள்ளுவண்டியை நானே வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் விட்டேன்.

வெளியே அவர் மனைவி பேனாவோடு நின்றிருந்தாள். கையெழுத்துப் போட்டாயிற்று. தாளை வாங்கிக்கொண்டு, “ஆபரேஷன் வேணாம்க்கா, அவரு நல்லா இருக்காரு” என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “மறுபடி அறுக்க இருந்தது உங்களாலயா?”

“ஆமாக்கா.”

“வேணாம்னு ஆனதும் உங்களாலதானா?”

“அதுவும் ஆமாதான்.”

“அப்ப உங்கள நான் திட்டறதா, கும்பிடறதா?” என்று என் தோளை எட்டிப் பிடித்துக்கொண்டு விசும்பினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அந்த டப்பா எதுன்னு காட்டுங்க.”

உள்ளே அழைத்துப் போய்க் காட்டினேன். எது எதற்கு நேராக இருக்க வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

மறுநாள் கட்டு மாற்றக் கட்டிலை ஏற்றினேன். டப்பாவை ஏற்றிவிட்டுத்தான் கத்தரிக்கோலைத் தொட்டேன். அதற்குள், பார்க்க வந்திருந்த அவர் மனைவி அதட்டினாள்.

“மட்டம் பாத்தீங்களா?”

“இவ உங்களுக்கு மேல கத்துவா சிஸ்டர்” என்று சிரித்தார் டிரைவர்.

யாராவது எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தால் சுள்ளென்று ஏறும். அன்று ஏறவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, அவள் கண் முன்னால் குனிந்து இன்னொரு தடவை பார்த்தேன்.

“சரியா இருக்குக்கா.”